தடம் புரண்ட மறுநாள் செய்தியும் மாதங்கள் கழித்து வரும் அறிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்காவது ரயில் தடம் புரண்டால் மறுநாள் காலையிலேயே அதன் காரணமும் அச்சாகிவிடுகிறது. தண்டவாளத்தில் விரிசல், சிக்னல் கோளாறு, நாசவேலை, டிரைவர் கவனக்குறைவு என்று ஏதாவது ஒன்று. பல மாதம் கழித்து முறையான விசாரணை அறிக்கை வரும்போது உள்பக்கத்தில் நாலு வரி வந்தால் அதிகம். பல நேரம் அதுவும் வருவதில்லை. இந்த வழக்கத்தை மாற்ற நாளிதழ்களால் முடியும் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊழியர்கள் இன்றைக்கும் பழைய பழக்கத்தில் பி.டபிள்யூ.ஐ. என்று சொல்லும் வேலை. இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன்.

2025 பொங்கல் நாள், ஜனவரி 14, விடியற்காலையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய மெமு ரயிலின் ஐந்து பெட்டிகள், புறப்பட்ட சற்று நேரத்திலேயே வளைவில் தடம் புரண்டன. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. 1879இல் போட்ட 38 கிலோமீட்டர் பாதை அது. ஜிப்மருக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் அந்த வண்டியை நம்பியிருப்பவர்கள் ஏராளம். அன்று மாலைக்குள் எங்கள் தெருவிலேயே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வளைவில் இறங்கியது என்று கேட்டதும் எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றும் கேள்விகள் வேறு. வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட எவ்வளவு தூக்கி வைக்கப்பட்டிருந்தது? அந்த உயரம் சீராகக் குறைந்ததா, ஓரிடத்தில் சட்டென்று மாறியதா? வெளித் தண்டவாளத்தின் உள்விளிம்பு எவ்வளவு தேய்ந்திருந்தது? முதலில் இறங்கியது எந்தப் பெட்டியின் எந்தச் சக்கரம்? இதற்கெல்லாம் அளவெடுத்துப் பதில் எழுதாமல் காரணம் என்று எதையும் சொல்ல முடியாது.

தடம் புரண்ட இடத்தில் எல்லோர் கண்ணும் கவிழ்ந்த பெட்டிகள் மேலும் தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகள் நொறுங்கியதன் மேலும்தான் இருக்கும். விசாரணை தொடங்குவதோ அதற்கும் பின்னால், வண்டி வந்த திசையில், சேதமே இல்லாதது போல் தெரியும் இடத்தில். ரயில் சக்கரத்தின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பைப் பிளாஞ்சு என்போம். சக்கரத்தைத் தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது அதுதான். அது தண்டவாளத்தின் உள்முனையில் ஏறி, மேற்பரப்பில் குறுக்காக ஓடி, வெளிப்பக்கம் விழும்போது மெல்லிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். கோடு தொடங்கும் இடம் ஏறிய இடம். முடியும் இடம் விழுந்த இடம். கோடு நீளமாக இருந்தால் சக்கரம் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. குட்டையாக இருந்தாலோ கோடே இல்லாவிட்டாலோ ஏதோ ஒன்று அதைத் திடீரென்று தூக்கிப்போட்டிருக்கிறது. ஏறிய தடயமே இல்லாமல் சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இறங்கியிருந்தால் கேள்வி வேறு: அகலப்பாதையில் 1676 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அங்கே அகன்றுவிட்டதா, அல்லது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 1600 மில்லிமீட்டராக நிற்க வேண்டிய இடைவெளி மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் சொல்லும் அந்தக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது. மேலே நாலு பேர் நடந்தாலே மங்கிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு யார்டில் சரக்கு வண்டியின் வேகன் ஒன்று இறங்கிவிட்டது. இரவு நேரம், ஐப்பசி மழை. நான் நேராக வேகனைப் பார்க்க ஓடினேன். தினமும் பாதையை நடந்து சோதிக்கும் எங்கள் கீமேன், வயதில் மூத்தவர், கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, வுழுந்தத அப்புறம் பாரு, ஓடிப்போவாது. ஏறுனத மொதல்ல பாரு" என்றார். அரிக்கேன் விளக்கைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தார். மேலே ஒரு கோணிச் சாக்கைப் போட்டு இரண்டு பக்கமும் கல் வைத்தார். பெரிய படிப்பு படித்தவர் இல்லை அவர். அன்று அவர் அதைக் காப்பாற்றி வைக்காமல் இருந்தால் மறுநாள் வந்த அதிகாரிகளுக்கு அளக்க ஒன்றுமே இருந்திருக்காது.

காலையில் ஏறிய இடத்தைப் பூஜ்யம் என்று வைத்து, முன்னும் பின்னும் மூன்று மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் குறி போட்டோம். ஒவ்வொரு குறியிலும் இரண்டு தண்டவாளத்தின் இடைவெளி எவ்வளவு, ஒன்றைவிட மற்றது எவ்வளவு உயரம் என்று எடுத்தோம். அடுத்தடுத்த குறிகளில் அந்த உயர வித்தியாசம் மாறிக்கொண்டே போனால் பாதை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முறுக்கிய பாதையில் வேகன், சமமில்லாத தரையில் போட்ட நாற்காலி மாதிரி. ஒரு காலில் பாரம் இருக்காது. பாரம் குறைந்த சக்கரம்தான் ஏறும். பக்கவாட்டில் தள்ளும் விசைக்கும் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்துக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் பிளாஞ்சு ஏறிவிடும் என்று பிரெஞ்சுப் பொறியாளர் நாடால் வகுத்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த வேகனில் நாங்கள் கண்டது என்ன தெரியுமா? பாதையில் முறுக்கு இருந்தது, ஆனால் அனுமதித்த அளவுக்குள். ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, அதுவும் அளவுக்குள். மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. இதில் எது ஒன்றும் தனியாக அந்த வேகனைத் தள்ளியிருக்காது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததால் இறங்கியது. ஒரே காரணம் கேட்கும் தலைப்புச் செய்திக்குள் இது அடங்காது.

சம்பவ இடத்தில் ஒவ்வொரு பிரிவின் மேற்பார்வையாளரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடும் கூட்டுக் குறிப்பு ஒன்று உண்டு. ஜாயின்ட் நோட் என்போம். முதல் நாளே வெளியில் கசிவது பெரும்பாலும் இதுதான். தண்டவாளப் பிரிவு பெட்டியைச் சொல்லும், பெட்டிப் பிரிவு தண்டவாளத்தைச் சொல்லும், இருவரும் டிரைவரின் வேகத்தைச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் தன் மறுப்பையும் எழுதலாம். இது விசாரணையின் தொடக்கப் புள்ளி மட்டுமே. இதிலுள்ள ஒரு வரியை எடுத்து "ரயில்வே விசாரணையில் அம்பலம்" என்று போடுவது சரியில்லை, ஐயா. அந்த ஒரு வரியால் அடுத்த நாளே ஊரில் தலைகுனிந்து நிற்பது பெரும்பாலும் ஒரு கீமேனோ டிராக்மேனோதான். சுத்தியலும் ஸ்பானருமாகத் தினமும் பல கிலோமீட்டர் நடந்து கழன்ற கிளிப்பை அடித்துப் பொருத்துகிறவன் அவன். அவன் பிள்ளைகளும் நம் ஊர்ப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அறிக்கை வந்து அவன் மேல் தவறில்லை என்று தெரியும்போது அதைப் போட எந்தப் பக்கத்திலும் இடம் இருப்பதில்லை.

உடைந்த இரும்பும் பேசும். தண்டவாளம் உடைந்திருந்தால், விபத்தால் உடைந்ததா, உடைந்ததால் விபத்தா என்பதுதான் முதல் கேள்வி. புதிதாக உடைந்த முகம் பளபளவென்று இருக்கும். பழைய விரிசல் கருத்துத் துருவேறியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததைக் காட்டும் வரிகள் அதில் தெரியும். வண்டி வருவதற்கு முன்பே உடைந்திருந்தால், இடைவெளியைத் தாண்டி வந்த சக்கரங்கள் எதிர்முனையில் மோதி மோதி அதை நசுக்கியிருக்கும். எஞ்சினில் வேகம் பதிவாகும் கருவி இருக்கிறது. நிலையத்தில் சிக்னலும், வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டும் எந்த நொடியில் எந்த நிலையில் இருந்தன என்று டேட்டா லாகர் எழுதி வைக்கிறது. இவை எல்லாவற்றையும் நேரவாரியாக ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

பொறுமையாகக் காத்திருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு நம் கண்முன் நடந்தவையே சாட்சி. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, பகனாகா பஜார் நிலையத்தில், மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு பெற்று வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையான லூப் லைனில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் செய்திருந்த தவறான வயரிங்கே காரணம் என்று விசாரணை கண்டது. 2024 அக்டோபர் 11 இரவு சென்னைக்கு வடக்கே கவரைப்பேட்டையில் கிட்டத்தட்ட அதே காட்சி. மெயின் லைனுக்குப் பச்சை, ஆனால் மைசூர்–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. உயிரிழப்பு இல்லை. பாலசோர் மாதிரியே சிக்னல் கோளாறு என்றுதான் பலரும் அன்றிரவு பேசினார்கள். பாயின்ட்டைப் பிரித்துப் பார்த்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, பாயின்ட்டில் அசைந்து வண்டியைத் திருப்பும் டங் ரெயிலின் பாகங்களை யாரோ வேண்டுமென்றே கழற்றியதே காரணம் என்றது. வெளியில் பார்க்க ஒன்றுபோல இருந்த இரண்டு விபத்துகளுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு காரணங்கள்.

எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2016 நவம்பர் 20 அன்று உத்தரப் பிரதேசத்தின் புக்ராயனில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு சுமார் 150 பேர் இறந்தபோது, நாசவேலை என்ற பேச்சு பலமாக எழுந்து தேசியப் புலனாய்வு முகமையும் இறங்கியது. பாதுகாப்பு ஆணையர் கண்டதோ ஒரு பெட்டியின் பற்றவைப்பில் இருந்த பழைய விரிசலும் துருவும். சதி என்று நம்பிவிட்டால் எந்தப் பணிமனையும் மற்றப் பெட்டிகளின் பற்றவைப்பைத் தேடிப் பார்க்காது.

இந்தப் பாதுகாப்பு ஆணையர் யார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. தலைமையிடம் லக்னோ, நமக்கான தெற்கு வட்ட அலுவலகம் பெங்களூரில். இதுவும் ஒரு தடம் புரளலில் இருந்து வந்த ஏற்பாடுதான். 1937இல் பீகாரின் பிட்டாவில் ஓர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ஓடிய எக்ஸ்பி வகை எஞ்சின்கள் பாதையில் ஆடியதை ஆராய அமைத்த குழு, ரயில்வேயைச் சோதிக்கும் அதிகாரிகள் ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கக்கூடாது என்ற கேள்வியையும் எழுப்பியது. 1941இல் அவர்களைப் பிரித்தார்கள். என் பணிக்காலத்தில் இவர்களில் சிலர் விசாரித்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெரிய அதிகாரி, சின்ன ஊழியர் என்று பார்க்காமல் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி பயணிகள் வண்டியில் உயிர்ப்பலியோ கொடுங்காயமோ, அல்லது பெரும் பொருட்சேதமோ ஏற்பட்டால்தான் ஆணையரின் விசாரணை. இல்லையென்றால் ரயில்வே தன் அதிகாரிகளைக் கொண்டே விசாரித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை இங்கேதான். பாலசோர் அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பே, 2022 மே 16 அன்று, கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஸ் நிலையத்தில் தவறான வயரிங்கால் இதே மாதிரி ஒரு சம்பவம் நடந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரும் சாகாத ஒரு சம்பவத்தை ஊன்றிப் படித்திருந்தால் 290 பேர் வீடு திரும்பியிருப்பார்கள். அதனால்தான் பொங்கலன்று நடந்த மெமு சம்பவத்தை யாருக்கும் காயமில்லை என்று மூடிவைக்க என் மனம் ஒப்பவில்லை. காயமில்லாத விபத்தில் தடயமும் நன்றாக இருக்கும், சாட்சிகளும் உயிரோடு இருப்பார்கள். ஆற அமர விசாரிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சாட்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆணையர் விசாரணைக்கு வரும்போது, விபத்தைப் பற்றித் தெரிந்த பொதுமக்கள் நேரில் வந்தோ எழுத்திலோ சொல்லலாம் என்று இடமும் நேரமும் குறித்து அறிவிப்பு வெளியாகும். பத்திரிகையில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வரும். நான் பார்த்த வரையில் ஊழியர்கள் வரிசையில் நிற்பார்கள், பயணிகள் பெஞ்சு காலியாக இருக்கும். பயணிக்கு என்ன தெரியும் என்று நினைக்கக்கூடாது. 1998இல் ஜெர்மனியின் எஷெட்டில் அதிவேக ரயில் தடம் புரண்டு 101 பேர் இறந்தனர். சக்கரத்தின் வெளிவளையம் ஓடி ஓடி உலோகம் சோர்ந்து விரிசல் விட்டு அறுந்து பெட்டியின் தரையைத் துளைத்து மேலே வந்ததை முதலில் பார்த்தது ஒரு பயணிதான். அவர் நடத்துநரைத் தேடிப் போய்ச் சொன்னார். வண்டியை நிறுத்துமுன் தானே வந்து பார்க்க வேண்டும் என்றார் நடத்துநர். அதற்குள் வண்டி தடம் புரண்டு ஒரு பாலத்தில் மோதிவிட்டது.

நம் பயணிகளும் எவ்வளவோ கவனிக்கிறார்கள். தினமும் போகிறவருக்கு வண்டி எந்த இடத்தில் எப்படி ஆடும் என்று உடம்புக்கே தெரியும். "அந்த வளைவுல ஒரு வாரமா தூக்கிப் போட்டுச்சு சார்" என்று ஒருவர் சொல்வது எனக்கு ஓர் அளவுக்கருவி சொல்வதற்குச் சமம். சத்தம் முதலில் வந்ததா குலுக்கல் முதலில் வந்ததா, எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்கம் சாய்ந்தது, பிரேக் பிடித்தது குலுக்கலுக்கு முன்பா பின்பா என்பதை அன்றே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாலு பேரிடம் பேசிய பிறகு நினைவு கலந்துவிடும். செல்போனில் படம் எடுக்கிறவர்கள் கவிழ்ந்த பெட்டியோடு பின்னால் இருக்கும் பாதையையும் எடுக்கட்டும். அங்கே கிடக்கும் போல்ட்டையோ கிளிப்பையோ கையில் எடுத்து வந்துவிடக் கூடாது.

எங்கள் கடலூருக்கு 2025 ஜூலை 8ஆம் தேதியை மறக்க முடியாது. செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது தடம் புரளல் இல்லை. ஆனால் அன்றும் இதே கதைதான்: கேட் மூடியிருந்தது, திறந்திருந்தது என்று காலையிலேயே இரண்டு விதமாகப் பேசினார்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு. அது இன்டர்லாக் செய்யாத கேட். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற பூட்டு அங்கே இல்லை. நிலைய அதிகாரியும் கேட்கீப்பரும் தொலைபேசியில் சொல்லிக்கொள்வதை நம்பியே வண்டி ஓடியது. அதன் பிறகுதான் எல்லாக் கேட்டுகளிலும் சிசிடிவி, அதிகக் கேட்டுகளுக்கு இன்டர்லாக் என்று ரயில்வே அறிவித்தது. எந்தெந்தக் கேட்டில் அது முடிந்தது என்று நம் மாவட்டத்துக்குத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். அந்தப் பெற்றோருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

ரயில்வே நிர்வாகத்திடமும் ஆணையத்திடமும் என் வேண்டுகோள் இது. ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது; ஆனால் ஒவ்வொரு விபத்தின் முழு அறிக்கையும் சாமானியர் கைக்கு எளிதில் வருவதில்லை. பிரிட்டனில் ரயில் விபத்து விசாரணைக்கென்று தனி அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. அளவு அட்டவணை, படங்கள் உட்பட அறிக்கைகளை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். இங்கும் அப்படி வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்த விபத்தின் அறிக்கை தமிழில் வேண்டும். டிராக்மேன்களும் கேட்கீப்பர்களும் படித்தால்தான் அடுத்த இடத்தில் அதே குறையைக் கண்டுபிடிப்பார்கள். உயிரிழப்பு இல்லாத தடம் புரளல்களுக்கும், துறை விசாரணை என்ன கண்டது, என்ன மாற்றினார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பாவது நிலையங்களில் ஒட்ட வேண்டும்.

தங்களிடம் கேட்பது இரண்டுதான். ஆணையரின் அறிவிப்பு வரும்போது அதை விளம்பர மூலையில் விடாமல் செய்தியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த வண்டியில் போனவர்கள் கண்ணில் படட்டும். பிறகு, ஒரு விபத்தைப் போட்ட நாளை டைரியில் குறித்து வைத்து, அறிக்கை வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வந்ததும் முதல் நாள் செய்தி வந்த அதே பக்கத்தில் அதைப் போடுங்கள். விழுப்புரம்–புதுச்சேரி மெமுவில் இருந்தே தொடங்கலாம். அறிக்கையில் இருக்கும் அளவு அட்டவணைகள் முதலில் மிரட்டும், பழகினால் எளிது. தங்கள் செய்தியாளர்கள் யாராவது உட்கார்ந்து படிக்க விரும்பினால் வரிவரியாகச் சொல்லித்தர நான் தயார். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தண்டவாளப் பிரிவு மேற்பார்வையாளர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.